சொன்னதும் செய்ததும்: பணியிட ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியிட நடத்தை குறித்த பண்புசார் ஆய்வுகளில், அதாவது எண்களைவிடப் பேச்சையும் நேரில் கவனித்ததையும் நம்பும் ஆய்வுகளில், எத்தனை பேரிடம் பேசினோம் என்ற எண்ணிக்கையையே நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. இன்னோர் ஆய்வாளர் நாம் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் ஏறத்தாழ இதே முடிவுக்கு வருவாரா என்பது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி. அந்த முடிவு அங்கே உண்மையில் நடப்பதைத்தான் சொல்கிறதா என்பது ஏற்புடைமை பற்றிய கேள்வி. இரண்டில் எதற்குமே எண்ணிக்கை மட்டும் விடையாகாது.

தொழிலாளி சொன்னதையே அவர் செய்ததாக எழுதிவிடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. சிகாகோவை ஒட்டியிருந்த ஹாத்தார்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளை உருவாக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து ஆய்வு செய்தார்கள். ஆய்வாளர் ஒருவர் அறைக்குள்ளேயே அமர்ந்து குறிப்பெடுத்தார். மற்றொருவர் அறைக்கு வெளியே அவர்களைச் சந்தித்துப் பேசினார். கம்பி இணைப்பவர் நாளொன்றுக்கு 2 கருவிகளை முடித்தால் போதும் என்பது அவர்களுக்குள் இருந்த எழுதப்படாத கணக்கு. அதை மீறி வேகம் காட்டியவரின் மேற்கையில் சக தொழிலாளியின் குத்து விழுந்தது. கூடுதலாக முடித்ததைச் சொல்லாமல் வைத்திருந்து, வேலை குறைந்த நாளின் கணக்கில் சேர்த்தார்கள். அறையில் எண்ணிப் பார்த்த கணக்கும் தொழிலாளர் கொடுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. நேர்காணலை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடைவெளி கண்ணிலேயே பட்டிருக்காது.

அதே ஆய்வு இன்னொரு தவறுக்கும் பாடமாக நிற்கிறது. உற்பத்தியைக் கூட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், யாருக்காவது வேலை போகும் என்று தொழிலாளர்கள் காரணம் சொன்னார்கள். ஆய்வாளர்களோ அந்த அச்சத்துக்கு அவர்களது அனுபவத்தில் ஆதாரமில்லை என்று கருதி, குழு உணர்வின் வெளிப்பாடாக அதை விளக்கினார்கள். அதுவோ பொருளாதாரப் பெருமந்தக் காலம். போதிய வேலை இல்லாமல்தான் அந்த ஆய்வே முடிவுக்கு வந்தது. பேசியவரின் விளக்கத்தை ஒதுக்கிவிட்டு நம் கோட்பாட்டை அங்கே வைக்கும்போது, தரவு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஏற்புடைமை உடைந்துபோகிறது என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஆலையில் 1928 முதல் 1930 வரை 21,000-க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் நடந்தன. முன்கூட்டியே தயாரித்த கேள்விகளை விட்டு விலகித் தொழிலாளர்கள் தங்களுக்கு முக்கியமானதையே பேச முற்பட்டதைக் கவனித்து, 1929-இல் அவர்கள் போக்கிலேயே பேசவிடும் முறைக்கு மாறினார்கள். இன்றும் பலர் தங்கள் கேள்வித்தாளைக் கைவிட மனமில்லாமல், கேட்டதற்கு மட்டுமே விடை பெற்றுத் திரும்புகிறார்கள். நிர்வாகம் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்களிடம், நிர்வாகத்தின் அறையிலேயே உட்கார்ந்து பேசுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் எழுதி, அந்த ஆங்கிலத்துக்குக் குறியீடு (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுட்டும் வகைப்பெயர்) இடுவது நம்மிடையே பரவலாக உள்ள பிழை. “சூப்பர்வைசர் நல்லவர்தாங்க...” என்று ஒரு பெண் இழுத்து நிறுத்தினால், அந்த ‘தான்’ ஒரு குறையைச் சொல்லாமல் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் அவர் நல்லவர் என்பது மட்டுமே மிஞ்சும். குறியிடும் இருவரும் அதைப் பாராட்டு என்றே வகைப்படுத்துவார்கள். இருவருக்கும் இடையிலான ஒப்புமை அளவு உயர்ந்து நம்பகத்தன்மை இருப்பதாகத் தோன்றும், முடிவோ தவறாக இருக்கும். ஆகவே மூலப் பேச்சிலேயே, அந்த இடைநிறுத்தத்தையும் குறித்துக்கொண்டு, குறியீடு இட வேண்டும்.

முடிவுகளைப் பங்கேற்றவர்களிடமே காட்டிச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் மேலாளர் உடனிருக்கும்போது கிடைக்கும் தலையசைப்பைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பண்புசார் ஆய்வுமுறை அறிஞர்களான லிங்கனும் கூபாவும் 1985-இல் வலியுறுத்திய தணிக்கைத் தடம், அதாவது முடிவுக்கு வந்த வழியைப் படிப்படியாகக் காட்டும் பதிவு, இதைவிட உறுதியானது. எந்தத் தேதியில் எந்தக் குறியீட்டை ஏன் மாற்றினோம், நம் முடிவுக்கு ஒத்துவராத நேர்காணல் எது, அதை எப்படிக் கையாண்டோம் என்பதை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால், ஒத்துவராதவையே முதலில் விடுபட்டுப்போகும்.