டிவி-டெக் பெட்டியில் கல்யாண கேசட்: எந்தச் சத்தத்தை வைப்பது?

டிவியும் டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) ஒட்டிப் பிறந்த பெட்டி ஒன்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் கிடந்தது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. போன மாதம் அதை இறக்கித் துடைத்து, சித்தியின் கல்யாண கேசட்டைப் போட்டேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தைக் காணோம். ஸ்டுடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுதான் ஓடியது. ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டினேன். பாட்டு போய் நாதஸ்வரம் வந்தது. நடுவில் ஆச்சியின் குரல்: "ஏட்டி, அந்த வெளக்கத் தூண்டி விடுட்டி!"

இதில் மாயம் ஒன்றுமில்லை. விஎச்எஸ் டேப்பின் அகலம் 12.7 மி.மீ. அதன் ஓரத்தில் ஒல்லியான கோடாக ஒரு சத்தம் பதிவாகும், அதுதான் 'நார்மல்'. ஹைஃபை டெக்கில் பதிந்திருந்தால் இன்னொரு சத்தமும் உண்டு. அதைச் சுழலும் டிரம்மில் இருக்கும் ஹெட்கள் (டேப்பில் எழுதவும் படிக்கவும் செய்யும் முனைகள்), படத்துக்கு அடியில் ஆழமாக எழுதிவிடும். பிற்பாடு 'ஆடியோ டப்' செய்து பாட்டைச் சேர்த்தால் ஓரக்கோடு மட்டுமே மாறும். படத்தை அழிக்காமல் அடியில் இருப்பதைத் தொட முடியாது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் பெட்டியின் முகப்பில் 'ஹைஃபை' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சின்னத் திரைப் பெட்டிகளில் பல வெறும் மோனோதான், அதாவது இடது வலது பிரியாத ஒற்றைச் சத்தம். அவற்றில் ஓரச்சத்தம் மட்டும் வரும். அப்படியானால் தெரிந்தவர்களிடம் ஹைஃபை டெக் கேட்டு வாங்குவதே வழி. கேசட்டின் சின்ன ஜன்னலையும் கவனியுங்கள். டேப் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம், ஹெட் கெட்டுப்போகும்.

அடுத்து கேசட்டை ஓடவிட்டு, ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'ஆடியோ மானிட்டர்' பட்டனை அழுத்துங்கள். சில பெட்டிகளில் மெனுவுக்குள் இருக்கும். அழுத்த அழுத்த ஸ்டீரியோ, எல், ஆர், நார்மல் என்று திரையில் மாறும். முதல் மூன்றும் ஹைஃபை: இரண்டு பக்கமும், இடது மட்டும், வலது மட்டும். 'மிக்ஸ்' என்று ஒன்று இருந்தால் இந்த மாதிரி கேசட்டுக்கு வைக்காதீர்கள். நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் மல்லுக்கட்டும்.

ஹைஃபையில் படபடவென்று சத்தம் வெடித்தால் டிராக்கிங் பட்டனை (ஹெட்டை டேப்பில் உள்ள பதிவோடு பொருத்துவது) மெதுவாக நகர்த்துங்கள். அப்படியும் அடங்கவில்லையா, நார்மலுக்குப் போய்விடுங்கள். எல்பி (லாங் ப்ளே) வேகத்தில் பதிந்த கேசட்டில் டேப் பாதி வேகத்தில் நகர்வதால், ஓரச்சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். ஹைஃபைக்கு அந்தப் பாதிப்பு இல்லை, எழுதும் ஹெட்டே சுழல்கிறதே.

இனி டிவி பக்கம். செட்டாப் பாக்ஸை ஏவி வயரில் இணைக்கும்போது வெள்ளை இடது, சிவப்பு வலது. பெட்டியில் ஒரே ஒரு ஆடியோ ஓட்டைதான் என்றால் வெள்ளையை மட்டும் செருகி, செட்டாப் பாக்ஸ் மெனுவில் சத்தத்தை மோனோவாக்குங்கள். இல்லாவிட்டால் பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். ஆன்டெனா வயர் வழியாக இணைத்து, படம் பளிச்சென்று இருந்தும் இரைச்சல் மட்டுமே வந்தால், 'சவுண்ட் சிஸ்டம்' பி/ஜி-யில் இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டு முறை அதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் 'எஸ்ஏபி' என்று இருக்கும். அது அந்த ஊர் ஒளிபரப்பில் இரண்டாவது மொழிக்கு, நமக்கு வேலையில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாக இருந்தால் இரண்டு தடவை ஓட்டுங்கள், ஹைஃபையில் ஒன்று, நார்மலில் ஒன்று. நான் முதலில் ஹைஃபையில் மட்டும் எடுத்து சித்திக்கு அனுப்பினேன். "ஆச்சி சத்தம் நல்லாத்தான் கேக்கு, என் பாட்டு எங்கல?" என்று மறுநாளே போன் வந்தது.