லிப்போபுரத ஆன்டிபாடிகள்: ராமநாதபுரம் கடலோர ஆய்வகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் லிப்போபுரதங்களை அளக்க, குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) வாங்குவோர் பலர் குப்பியின் மேலுள்ள புரதத்தின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். அந்த ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது என்பதைத் தகவல் தாளில் தேடுவதில்லை. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இதய நோய் ஆபத்தைக் கூட்டும் லிப்போபுரதமான எல்பி(ஏ)யின் பரிசோதனையில் இது மிகவும் உறைக்கிறது. அதிலுள்ள அபோ(ஏ) புரதத்தில் ‘கிரிங்கிள் 4 வகை 2’ என்னும் பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மூன்றிலிருந்து நாற்பதுக்கு மேல் வரை மாறும். அந்தப் பகுதியையே பற்றும் ஆன்டிபாடி, பெரிய அபோ(ஏ) உள்ளவரிடம் அளவைக் கூட்டியும் சிறியது உள்ளவரிடம் குறைத்தும் காட்டக்கூடும். சிறிய அபோ(ஏ) உள்ளவர்களுக்கே பொதுவாக எல்பி(ஏ) அதிகம் என்பதால், ஆபத்து மிகுந்தவரே தப்பிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே ஒரே ஒருமுறை வரும் பகுதியைப் பற்றும் ஆன்டிபாடியைத் தேர்ந்து, முடிவை, துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் நானோமோல்/லிட்டர் அலகில் தருவது நல்லது. அபோ(ஏ)வின் பருமன் ஆளுக்கு ஆள் மாறுவதால், மில்லிகிராம் அளவை ஒரே எண்ணால் பெருக்கி நானோமோலாக்குவது சரியன்று. அபோ(ஏ), இரத்தக் கட்டியைக் கரைப்பதில் பங்குள்ள பிளாஸ்மினோஜெனை ஒத்த புரதம் என்பதால், அதனோடும் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எல்டிஎல் போன்ற லிப்போபுரதங்களின் முதன்மைப் புரதமான அபோ-பியில் சிக்கல் வேறு. அதற்குப் பி100, பி48 என இரு வடிவங்கள் உண்டு. கல்லீரல் உருவாக்கும் பி100இல் 4,536 அமினோ அமிலங்கள் உள்ளன. குடல் உருவாக்கும் பி48 அதன் முன்பாதியே. முன்முனையைப் பற்றும் ஆன்டிபாடி இரண்டையும் காட்டும். மொத்த அபோ-பி அளவை இது பெரிதாகப் பாதிக்காது. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய ஆராய்ச்சிக்கோ பி100இல் மட்டும் உள்ள பின்முனையைப் பற்றும் ஆன்டிபாடி தேவை.

இனி நம் ஊர்ச் சங்கதி. மதுரையிலிருந்து வெயிலில் வரும் பெட்டியில், ஆழ்உறை பெட்டியிலிருந்து எடுத்த ஜெல் பையைக் குப்பியோடு ஒட்டி வைத்தால், 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய ஆன்டிபாடி உறைந்து கெடலாம். மண்டபத்திலும் பாம்பனிலும் கிடைக்கும் மீன் ஐஸ், உப்புச் சேராதவரை, சுழியம் டிகிரியில் உருகுவதால் அப்படி உறைய வைக்காது. ஆனால் உருகும் நீர் புகாதவாறு குப்பியை உறையிலிட்டு மூட வேண்டும். தானே பனி உருக்கும் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியும், மின்வெட்டில் உருகி மறுபடி உறையும் பெட்டியும் ஏற்றவை அல்ல. உறைய வைக்கத் தகுந்த ஆன்டிபாடியை, மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைக்க நேராதபடி, சிறு பங்குகளாகப் பிரித்து வைக்கலாம்.

அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசலை உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் தயாரிப்பதும் தவறு. காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பெராக்சிடேஸ் நொதி இணைந்த ஆன்டிபாடியில், அது கெடாதிருக்கச் சோடியம் அசைடு சேர்ப்பவர்கள் உண்டு. அந்த அசைடு நொதியையே முடக்கிவிடும். மாதிரியில் லிப்போபுரதம் மிக அதிகமாக இருந்தால் சில முறைகளில் முடிவு தாழ்ந்து காணப்படும் என்பதால், ஐயத்துக்கிடமான மாதிரியை நீர்க்கச் செய்து மீண்டும் அளந்து, நீர்ப்பின் மடங்கால் பெருக்கி ஒப்பிட்ட பிறகே அறிக்கை எழுத வேண்டும்.