நர்சிங் படிப்பு முடிந்ததை வகுப்பாகச் சேர்ந்து கொண்டாடுவது எப்படி

பி.எஸ்சி. நர்சிங் படிப்பவர்களுக்குக் காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு, இரவில் மறுநாள் காட்ட வேண்டிய கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) என்று 4 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பொறியியல் கல்லூரிக்குப் போன பள்ளித் தோழிகள் தீபாவளிக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட, இவர்களில் பலர் பண்டிகை நாளிலும் வார்டில் ட்ரிப் சொட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றிருப்பார்கள். அப்படிப்பட்ட படிப்பு முடியும்போது ஒரு விழா வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் நடக்கும் விழாக்களில் பல, வகுப்பில் வசதியும் மதிப்பெண்ணும் உள்ளவர்களின் விழாவாகவே முடிந்துவிடுகின்றன. பணம் இல்லாமல் ஒருவர், அரியர் விழுமோ என்ற அச்சத்தில் ஒருவர், டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் வராமல் நின்றுவிட்டால், மிச்சமிருப்பவர்கள் எவ்வளவு ஆடிப் பாடினாலும் அது வகுப்பின் விழா ஆகாது. எனவே வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள அத்தனை பேரும் வந்து உட்கார வேண்டும் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, மற்ற ஏற்பாடுகளை அதற்கேற்பச் செய்வதே முறை.

நாள் குறித்தல்

தேர்வு முடிவு வரட்டும், அதன் பிறகு கொண்டாடலாம் என்று சொல்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். முடிவு வெளியாகும் நாளில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தேர்ச்சி பெற்றவர்கள் சிரிக்கவும் தயங்குவார்கள், தவறியவர்கள் கைபேசியை அணைத்துவிடுவார்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருப்பதும் பயன்படாது, ஏனென்றால் அதற்குள் ஒருவர் ஓமனிலும் ஒருவர் பெங்களூரிலும் வேலைக்குச் சேர்ந்திருப்பார், சிலருக்குத் திருமணமே முடிந்திருக்கும். கடைசித் தேர்வும் இன்டர்ன்ஷிப் நாட்களும் முடிந்து, முடிவு இன்னும் வராமல், எல்லோருடைய பெட்டியும் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் சரியான காலம்.

அந்தச் சில நாட்களிலும் இரண்டைத் தவிர்க்க வேண்டும். கடைசி பிராக்டிகல் முடிந்த அன்று மாலை யாரும் உட்கார்ந்து சாப்பிடும் நிலையில் இருக்க மாட்டார்கள். எக்ஸ்டர்னலாக வந்த தேர்வாளர் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பார்கள், அல்லது தூங்கிவிடுவார்கள். ஹாஸ்டல் காலி செய்யும் நாளில் அப்பாவோ மாமாவோ வாசலில் வண்டியோடு நிற்பார். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளலாம். நூலகம், லேப், மெஸ், விடுதி ஆகிய எல்லா இடங்களிலும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ கையெழுத்தை அதற்கு முன்பே வாங்கி முடித்துவிடுங்கள் என்று வகுப்புக்கு அறிவித்துவிடுவது நல்லது. விழா நாள் காலையில் தொலைந்துபோன நூலகப் புத்தகத்துக்கு அபராதம் கட்ட அலைபவர் மாலையில் சந்தோஷமாக வரமாட்டார்.

நாட்காட்டியையும் ஒரு முறை பார்க்க வேண்டும். புரட்டாசி மாதமானால் வகுப்பில் கணிசமானவர்கள் அசைவம் தொடமாட்டார்கள்; ரமலான் மாதமானால் மாலை நிகழ்ச்சியை நோன்பு திறக்கும் நேரத்தோடு பொருத்த வேண்டும்; கிறிஸ்தவத் தவக்காலமும் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் காலமும் அவ்வாறே. நான்கு வருடம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், ஏற்பாட்டுக் குழுவின் பரபரப்பில் மறந்துபோவது இதுதான்.

டியூட்டி

சில கல்லூரிகளில் கடைசி நாள் வரை இன்டர்ன்ஷிப் டியூட்டி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ரோஸ்டர் எனும் டியூட்டி அட்டவணை போடப்படுவதற்கு முன்பே வகுப்பு ஒருங்கிணைப்பாளரான ஆசிரியையிடம் நாளைச் சொல்லி, அவர் வழியாகச் செவிலியர் கண்காணிப்பாளரின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும். ரோஸ்டர் ஒட்டப்பட்ட பிறகு கேட்டால் கிடைப்பது திட்டு மட்டுமே. ஜூனியர் ஒருத்தியிடம், "ரெண்டு மணி நேரம் என் பெட்டைப் பார்த்துக்கோம்மா, சிஸ்டர் கேட்டா பாத்ரூம் போயிருக்காங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வருவது எக்காரணம் கொண்டும் கூடாது. பதிவேட்டில் ஒருவர் பெயரும் நோயாளியின் அருகில் இன்னொருவர் கையும் இருக்கும்போது ஒரு மருந்து மாறிப்போனால், அதற்கான பழியில் ஒன்றும் அறியாத அந்த ஜூனியரும் மாட்டிக்கொள்வாள்.

நேரத்தைப் பொறுத்தவரை பிற்பகல் 3 மணியிலிருந்து மாலை 6.30 வரை என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். காலை டியூட்டிக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்துவிட்டு வரலாம். முந்தைய இரவு விழித்தவர்கள் ஒரு தூக்கம் முடித்திருப்பார்கள். அன்றிரவு போக வேண்டியவர்கள் அவசரமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பணம்

கூட்டம் போட்டு "தலைக்கு எவ்வளவு?" என்று கேட்டால், வசதியானவர்கள் சொல்லும் தொகையே முடிவாகிவிடும்; முடியாதவர் அந்த இடத்தில் வாய் திறக்க மாட்டார். ஆகவே வகுப்பிலேயே சிரமப்படும் குடும்பத்திலிருந்து வந்தவர் எவ்வளவு தர முடியும் என்பதை மனதில் வைத்து ஒரு குறைந்த தொகையைக் குறித்துவிட்டு, அதற்கு மேல் தருபவர்கள் பெயர் சொல்லாமல் தரலாம் என்று விட்டுவிடுவதே மேல். இரண்டு பேர் பொறுப்பில் பணம் இருக்கட்டும். ஒருவர் வாங்க, மற்றவர் குறித்துக்கொள்ளட்டும். கட்டியவர்கள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, செலவுக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். கல்லூரியில் சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் திரும்ப வரும், அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம், ஏனென்றால் அது விழாவுக்குப் பிறகே, அலுவலகம் நினைத்த நேரத்தில் வரும்.

பணச் சிக்கலின் பெரும் பகுதி சேலையில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே ரகச் சேலை என்று முடிவெடுத்தால், சேலை, பிளவுஸ் தையல், அதற்கேற்ற வளையல் என்று விழாச் செலவைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. நிறத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டால் போதும். மெரூன் என்றால் அம்மாவின் பட்டும் வரும், அத்தையின் காட்டனும் வரும். படத்தில் பார்க்க அதுவே அழகாகவும் இருக்கும். வகுப்பில் ஆண்கள் எத்தனை பேர் இருந்தாலும் நிறம் குறிக்கும்போதே அவர்களுக்குச் சட்டையையும் குறித்துவிட வேண்டும், பின்னிணைப்பாகச் சேர்க்கக் கூடாது.

இடமும் சாப்பாடும்

வெளியே ஹோட்டல் ஹாலை எடுப்பதைவிடக் கல்லூரிக் கூடமோ ஹாஸ்டல் மெஸ்ஸோ சிறந்தது என்பது என் கருத்து. வாடகை மிச்சம், டியூட்டிக்குப் போகிறவர்களுக்கும் அருகில். ஆனால் அங்கே ஒலிபெருக்கி வைப்பதில் கவனம் தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனைகளையும் கல்வி நிறுவனங்களையும் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பு அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக் கூடியது. விதி இல்லாவிட்டாலும்கூட, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு டிரம்ஸ் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதை இந்த வகுப்பைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. கதவை மூடிக்கொண்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் போதும். வெடி வேண்டவே வேண்டாம்.

பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்கு என்று சமையல் மாஸ்டர் சொல்வார். நர்சிங் மாணவர்களுக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேருக்கு, சைவக்காரர்களைக் கழித்த பிறகும், ஆறு ஆறரைக் கிலோவுக்குக் குறையாமல் சொன்னால் கடைசியில் வருபவருக்கும் துண்டு கிடைக்கும். மாலை டியூட்டியில் மாட்டிக்கொண்டவர்களின் பங்கைப் பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துப் பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். மிஞ்சினால் தருகிறோம் என்றால் மிஞ்சாது.

அழைப்பு

முதல்வர், ஆசிரியைகள், வார்டு சிஸ்டர்கள் ஆகியோரை அழைப்பது வழக்கமாக நடந்துவிடும். விட்டுப்போகிறவர்கள் வேறு சிலர். முதலாம் ஆண்டில் பெட் மேக்கிங் செய்யும்போது கை நடுங்கியவளுக்கு, "பாப்பா, முதல்ல இந்தப் பக்கம் சாய்ச்சுட்டு விரிப்பை உள்ள தள்ளு" என்று சொல்லிக்கொடுத்த ஆயாம்மா, நள்ளிரவில் ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், நைட் டியூட்டிக்குப் போகிறவர்களுக்குச் சோறு எடுத்து மூடி வைத்த மெஸ் அக்கா ஆகியோர் மேடையின் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள். அதே போல, கட்டணம் கட்ட முடியாமலோ திருமணத்தாலோ இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுப் போன தோழியையும் அழைக்க வேண்டும். வருவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. குழுச் செய்தியாக அனுப்பாமல், அவரோடு நெருக்கமாக இருந்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.

நிகழ்ச்சி

பேச்சாளர்களைக் குறைப்பது முதல் வேலை. ஆசிரியர் தரப்பில் ஒருவர், மருத்துவமனைத் தரப்பில் ஒருவர், வகுப்பில் ஒருவர் பேசினால் போதும். பிறகு வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம், தனக்கு மறக்காத ஒரே ஒரு நாளைச் சொல்லட்டும். 60 பேரானால் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும், போகட்டும். முதல் முறை பிரசவம் பார்த்த நாள், முதல் மரணத்துக்குப் பிறகு கடைசிக் கடமைகளைச் செய்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்த நாள், மகப்பேறு கேஸ் புக்கில் பதிய வேண்டிய பிரசவங்களின் எண்ணிக்கை நிறையாமல் லேபர் வார்டு வாசலிலேயே காத்துக் கிடந்த நாள் என்று வரும்போது கூடம் தானாக அடங்கிவிடும். ஆனால் நோயாளியின் பெயர், ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது எதுவும் வாயில் வரக் கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் வேடிக்கையாகப் பட்டப்பெயர் சூட்டுவது எல்லோருக்கும் பிடித்த பகுதி, பகையை உண்டாக்குவதும் அதுவே. நிறம், உடல்வாகு, சாதி, யாரோடு பேசினாள் என்பதையெல்லாம் தொடும் பட்டங்களைக் குழு முன்கூட்டியே படித்து நீக்கிவிட வேண்டும். வேலையை ஒட்டிய பட்டங்களே போதுமான சிரிப்பைத் தரும்: குழந்தைகள் வார்டிலும் முதல் குத்திலேயே வெயின் (ரத்த நாளம்) கண்டுபிடித்தவருக்கு ஒன்று, கேர் பிளானை ஆசிரியை வாசலில் வரும்போது எழுதி முடித்தவருக்கு ஒன்று, வகுப்பு முழுவதற்கும் சேஃப்டி பின் சப்ளை செய்தவருக்கு ஒன்று.

முதலாம் ஆண்டில் விளக்கேற்றி எடுத்த உறுதிமொழியை முடிவில் எல்லோரும் ஒரு முறை சேர்ந்து சொல்லலாம். நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் வழங்கும் அந்த உறுதிமொழி அவர் எழுதியது அன்று. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியர் தலைமையிலான குழு உருவாக்கியது. முதலாம் ஆண்டில் புரியாமல் ஒப்பித்த வரிகளில், பணியின்போது தெரிய வந்த குடும்ப விஷயங்களை வெளியில் சொல்லேன் என்பதும் ஒன்று. நான்கு வருட வார்டு அனுபவத்துக்குப் பின் அதைச் சொல்லும்போது அதன் எடை வேறாக இருக்கிறது.

படமும் பரிசும்

குழுப் படத்தைச் சீருடையில் ஒன்றும் சேலையில் ஒன்றுமாக எடுக்கலாம். வார்டுக்குள் எடுக்கக் கூடாது. பின்னணியில் ஒரு நோயாளியின் முகமோ கேஸ் ஷீட்டோ தொட்டிலில் பிறந்த குழந்தையோ தெரிந்தால், அந்தப் படம் இன்ஸ்டாகிராமுக்குப் போன பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாது. வார்டில் அணிந்த சீருடையோடு சாப்பிட உட்காருவதும் தொற்றுத் தடுப்பில் படித்த முதல் பாடத்துக்கே எதிரானது. படம் முடிந்ததும் உடை மாற்றிவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்குத் தனித்தனியாகப் பரிசு வேண்டாம், அதுவும் முடிவு வராத நேரத்தில். எல்லோருக்கும் ஒரே மாதிரியான சிறு பொருள், வகுப்பின் பெயரில், மேடையில் வைத்துத் தரலாம். வார்டுக்கு நினைவாக ஏதேனும் தர விரும்பினால் அனுமதி கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரமே வாங்கலாம். வழக்கமான பரிசுதானே என்று நினைக்க வேண்டாம்; நாடி பார்க்கும்போதும் மூச்சு எண்ணும்போதும் எந்தக் கட்டிலிலிருந்து நிமிர்ந்தாலும் தெரிகிற கடிகாரம் வார்டில் கிடைப்பது அரிது. வெள்ளை முகப்பு, தடித்த எண்கள், வேறு நிறத்தில் நீளமான விநாடி முள் இருக்கிறதா என்று கடையிலேயே எட்டி நின்று பார்த்து வாங்க வேண்டும். வகுப்பின் பெயரையும் ஆண்டையும் எண்களை மறைக்கும்படி நடுவில் அச்சிடாமல் சட்டத்தின் ஓரத்தில் போட்டால் போதும்.

விழா முடிந்த பின்

கூடத்தைப் பெருக்கிப் பாத்திரங்களைத் திருப்பித் தரும் பொறுப்பை நான்கு பேருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்டக் கூடாது. அவர்கள் அன்று விருந்தாளிகள். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடாமல், முடிவு வந்த பிறகு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யும் வரையாவது வைத்திருப்பது நல்லது. எந்தச் சான்றிதழுக்கு எங்கே அலைய வேண்டும் என்பதை முதலில் போனவர் அதில் எழுதினால் மற்றவர்களுக்கு ஒரு நடை மிச்சம். கையில் மீதமாகும் பணத்தை ஐஸ்கிரீமில் கரைத்துவிடாமல் பொறுப்பாளர்கள் இருவரிடமே விட்டு வைக்கலாம். முடிவு வந்து யாருக்காவது அரியர் விழுந்தால், அவருடைய அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு அது உதவும்.