டிரெய்லரோட அரிசோனால இருந்து கலிஃபோர்னியா போறீங்களா?

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டேட் ரூலையும் பார்த்துடுங்க. ஐ-10 ஹைவேல அரிசோனா பக்கம் ஊருக்கு வெளிய மணிக்கு 75 மைல் வேகம் வரைக்கும் போலாம், ஆனா பார்டர் தாண்டினதும் போர்டுல 70ன்னு போட்டிருந்தாலும் அது காருக்குத்தான், பின்னாடி டிரெய்லர் இழுத்தா கலிஃபோர்னியா முழுக்க 55தான், நிறைய பேர் மாட்டறது இங்கதான். ரைட் லேன்லயே போங்க.

அடுத்தது பிரேக், இதை தயவுசெஞ்சு லேசா விட்டுடாதீங்க. அரிசோனால டிரெய்லர் வெயிட் 3,000 பவுண்டு தொட்டாதான் தனி பிரேக் கேப்பாங்க, கலிஃபோர்னியால கேம்ப் டிரெய்லர்னா (உள்ள தங்கற மாதிரி டிரெய்லர்) 1,500லயே வேணும், அதுவும் சாமான் ஏத்தின வெயிட்டைத்தான் பார்க்கணும். சொந்த ஊர்ல ஓகேன்னா அங்கயும் ஓகேன்னு நினைக்காதீங்க.

ரோட்டோரம் லைட் போட்டு டோ டிரக் (பழுதான வண்டிய இழுத்துட்டுப் போற லாரி) நின்னா லேன் மாறுங்க, முடியலன்னா ஸ்லோ பண்ணுங்க, மூவ் ஓவர் சட்டம் 50 ஸ்டேட்லயும் இருக்கு.