நோட்டும் பென்சிலுமாக ஒரு வாரம்: தருமபுரியில் வரையக் கிளம்புபவர்கள் தவிர்க்க வேண்டியவை

"தினம் ஒரு பக்கம், ஏழு நாளில் ஏழு படம்" என்று ஆரம்பித்து, மூன்றாம் நாளே ஸ்கெட்ச் நோட்டை மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். சோம்பல் காரணமில்லை. போனில் யாரோ வரைந்ததைப் பார்த்து வரைகிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நமக்கு நகல் எடுக்கும் வேலைதான் மிச்சம். அது சீக்கிரம் சலித்துவிடும்.

நம் பக்கத்தில் வரையப் பார்க்க வேண்டியது நடுகல், அதாவது மாண்ட வீரனின் நினைவாக நட்ட சிற்பக் கல். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நிற்கின்றன. மாடு மீட்கப் போய் மாண்ட வீரன், கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு. இதை உச்சி வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்று திரும்புவார்கள். புடைப்பு அதிகம் உயராத சிற்பம் இது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் நிழல் விழும், கோடு எழும்பும். காலை ஏழரைக்குப் போங்கள், இல்லையென்றால் வெயில் சாய்ந்த பிறகு.

தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் கோடு இழுப்பது பெரிய தவறு. அந்தக் கோடு இழுத்தவரின் ஊகம். அடுத்து வருபவர் அதையே சிற்பம் என்று நம்புவார். சில கற்களில் எழுத்தும் வெட்டியிருக்கும்; அந்தப் பள்ளத்தில் மாவு அடைந்தால் வாசிப்பும் தப்பும். வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவத்தை அலங்காரம்போல வளைத்து வரைவதும் வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால் வடிவத்தை அப்படியே எடுங்கள். உடைந்த இடத்தை உடைந்ததாகவே விடுங்கள்.

பல கற்கள் இங்கே வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வமாகக் கும்பிடப்படுகின்றன. செருப்பைக் கழற்றி, அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டு "பழைய" உருவத்தை வரைய நினைக்காதீர்கள். அந்தக் கல்லின் இன்றைய முகம் அதுதான், எனக்கு அதுவே அழகு.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி போன்ற இடங்களின் வெள்ளைப் பாறை ஓவியங்கள்மேல் சிலர் தண்ணீர் தெளிக்கிறார்கள். சில நொடி நிறம் பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் ஈரம் காயும்போது பாறையின் உப்பு மேலே படிந்து ஓவியத்தை மூடிக்கொண்டே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். கண் பழகப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும்.

தெருக்கூத்தில் தவறு வேறு மாதிரி. ஆடுபவரின் முகத்தை விடிய விடியத் துரத்தி வரையப் பார்ப்போம், ஒன்றும் பிடிபடாது. கேட்டுக்கொண்டு ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே முகம் அசையாமல் இருக்கும், அரிதாரம் ஒவ்வொரு அடுக்காக ஏறும். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் வரையும்போது கண்ணாடிச் சில்லிலிருந்து தொடங்காமல் வெளிவிளிம்பை முதலில் பிடியுங்கள். ஆட்டம் தொடங்கியதும் உடம்பின் சாய்வை மட்டும் ஒரே கோட்டில் போடுங்கள்.

காகிதத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பென்சிலுக்குச் சாதா நோட்டே போதும், நீர்வண்ணம் என்றால் மட்டும் தடிமனானது வாங்குங்கள்.

அப்புறம், திங்களன்று வரைந்தது பிடிக்கவில்லை என்று கிழித்துவிடாதீர்கள். காலையில் பார்த்த அதே கல்லை ஞாயிறு மாலை, எதிர்ப்பக்க வெயிலில், அடுத்த பக்கத்தில் வரையுங்கள். திங்களன்று தெரியாத அம்பு ஒன்று அப்போது தெரியக்கூடும்.