ட்ரெட்மில் வாங்கலாமா? பெங்களூரு ஃப்ளாட்டில் கருவி இறக்கும் முன்

பெங்களூருவில் பழைய ட்ரெட்மில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாற்றும்போது, 60, 70 கிலோ மெஷினை மாடியிலிருந்து இறக்க ஆகும் கூலியைக் கேட்டதும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதுவரை அதில் துணிதான் காய்ந்திருக்கும். ஆகவே எங்கள் பதில் இதுதான்: டம்பெல், பிளேட் மாதிரி இரும்பு என்றால் தைரியமாக வாங்குங்கள். மோட்டார் வைத்தது என்றால் நான்கு வாரம் பொறுங்கள்.

அந்த நான்கு வாரமும் மெஷின் வைக்கப்போகிற அதே மூலையில், அதே நேரத்தில், வாரம் நான்கு நாள், 30 நிமிடம். தண்டால், பஸ்கி, நின்ற இடத்தில் ஓட்டம் போதும். 16 நாளில் 12 நாளாவது நடந்தால் மேற்கொண்டு படியுங்கள். நடக்கவில்லை என்றால் குறை கருவியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 30,000 ரூபாய் அதை மாற்றாது.

இந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னை மாதிரி வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் ஓட வேண்டியதில்லை. லால்பாக், அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருப்பவருக்கு ட்ரெட்மில் வீண்செலவு என்றே சொல்வோம். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர், கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாதவர், நடைபாதையே இல்லாத ரோட்டில் இருப்பவர், இவர்களுக்குத்தான் அது பிரயோஜனம்.

கணக்கையும் போட்டுவிடுங்கள். 30,000-க்கு வாங்கி இரண்டு வருடம் கழித்து 12,000-க்கு விற்றால் செலவு 18,000. வாரம் நான்கு நாள் ஏறினால் ஒரு தடவைக்கு 43 ரூபாய். இரண்டு நாள் என்றால் 87. உங்கள் ஏரியா ஜிம் கட்டணத்தையும் இதேபோல் நாள் கணக்காக வகுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி இரும்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ட்ரெட்மில் முதல் பாதியை மட்டும்தான் கவனிக்கும். இரண்டாவது பாதிக்கு இரண்டு டம்பெல் ராட், 2.5 கிலோ பிளேட் நான்கு, 5 கிலோ பிளேட் நான்கு, மொத்தம் 30 கிலோ இருந்தால் ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடம் ஓடும். வார்ப்பிரும்பு பிளேட்டாகவே வாங்குங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்தது விலை குறைவுதான். ஆனால் கீழே விழுந்தால் வெடித்து, தூள் கொட்டி, எடை குறைந்துகொண்டே போகும். பிளேட்டை ராடில் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். வேறு வேறு இடத்தில் வாங்கினால் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலும் ஏறாது, ஏறினால் ஆடும். அடியில் 8 முதல் 10 மி.மீ. ரப்பர் மேட் கட்டாயம். டைல்ஸ் விரிசல் விட்டால் ஓனர் டெபாசிட்டில் பிடிப்பார், கீழ்வீட்டுக்காரர் அதற்கு முன்பே மேலே வந்துவிடுவார்.

ரப்பர் பேண்ட் நல்லது, மலிவு. பால்கனி வெயிலில் போட்டால் மட்டும் நுண்விரிசல் விட்டு, இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். கதவு நிலையில் முறுக்கி நிறுத்தும் புல்-அப் பார் வேண்டவே வேண்டாம். தொங்கும்போது திருகு தானாகத் தளர்கிறது.

ட்ரெட்மில் வாங்கியே தீருவது என்றால் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது, மோட்டாரின் தொடர் குதிரைத்திறன். அட்டையில் பெரிதாக 4 எச்.பி. என்று போட்டிருப்பது உச்சத்திறன். அது நொடிக்கணக்கில்தான் கிடைக்கும். தொடர்ந்து தருவது எவ்வளவு என்று கேளுங்கள்: நடப்பதற்கு 1.5, ஓடுவதற்கு 2.5-க்குக் குறையக் கூடாது. இரண்டாவது, பெல்ட் அளவு: நடக்க 40 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் போதும், ஓட 50-க்கு 140 வேண்டும். மூன்றாவது, எடை வரம்பு. 110 கிலோ என்று எழுதியிருந்தால் 90 கிலோ வரையுள்ளவருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட்டையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பெட்டி உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுபோவது உண்டு.

பழையதைப் பார்க்கப் போனால் ஓட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே விரலை விடுங்கள். பலகையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தட்டுப்பட வேண்டும். வறண்டு சொரசொரவென்று இருந்தால், அல்லது பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தால், எண்ணெய் பார்க்காத வண்டி. மோட்டாரும் அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும் அந்த உரசலைத் தாங்கித் தாங்கிக் களைத்திருக்கும்.

பிறகு வீட்டில் அதிக எடை உள்ளவர் ஏறி, 2 கி.மீ. வேகத்தில் காலை அழுத்தி ஊன்றி நடக்கட்டும். பெல்ட் தயங்கினால் பக்கத்திலிருந்து பாருங்கள். முன் ரோலர் சுற்றிக்கொண்டே பெல்ட் மட்டும் நின்றால் பெல்ட் தொய்வு. அல்லன் கீ என்கிற அறுகோணச் சாவியால் இறுக்கினால் சரியாகிவிடும். ரோலரும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால் உள்ளேயிருக்கும் சின்ன பெல்ட் தளர்ந்திருக்கிறது, செலவு குறைவுதான். மோட்டாரே திணறினால் பலகை வறட்சி, இல்லையேல் மோட்டாரோ போர்டோ. பேரம் பேசாமல் கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றால் 6 கி.மீ.-இல் பத்து நிமிடம் ஓடட்டும். கருகல் வாசனை வரக் கூடாது. கடைசியில் சிவப்பு சேஃப்டி கீயை இழுங்கள். உடனே நிற்காத மெஷின் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. இன்வர்ட்டர் லைனிலும் வேண்டாம். மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டர் காலியாக விடுங்கள். தவறி விழுபவர் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கக் கூடாது. தினம் ஒரு மணி நேரம் நடந்தால் மாதம் 15 முதல் 20 யூனிட் ஏறும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான க்ருஹ ஜோதியில் 200 யூனிட்டின் விளிம்பில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும், தாண்டினால் முழு பில்லும் நம் தலையில்.

எண்ணெய் சிலிகான் ஆயில் மட்டும். தேங்காயெண்ணெயோ, துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயோ பெல்ட்டைக் கெடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 15 மில்லி, பெல்ட்டுக்கு அடியில் நடுவாக்கில் விட்டு, ஆளில்லாமல் மெதுவாக ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அப்போது பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலிருக்கும் இடது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்பி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாக முறுக்கினால் பெல்ட் மறுபக்கம் ஓடி ஓரம் பிய்ந்துவிடும்.