மீயொலி டிரான்ஸ்டியூசரின் ஒலிப்புலம்: கூட்டல் தெரிந்தால் கணக்கிடலாம்

தண்ணீரில் வைத்த ஒரு வட்ட டிரான்ஸ்டியூசருக்கு (மின் அதிர்வை, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியாக மாற்றும் கருவி) முன்னால் எந்தப் புள்ளியில் அழுத்தம் எவ்வளவு இருக்கும்? இதற்கான சமன்பாட்டை லார்ட் ரேலி 19-ஆம் நூற்றாண்டிலேயே தந்துவிட்டார். அதில் தொகையீடு (integral) இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நாம் செய்யப்போவது வெறும் கூட்டல்தான். பைத்தான் நிரல்மொழி போதும்.

முதலில் எண்கள். அதிர்வெண் 1 மெகாஹெர்ட்ஸ், முகப்பின் (அதிரும் வட்டப் பரப்பின்) ஆரம் 10 மி.மீ., தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1480 மீட்டர். ஆக அலைநீளம் 1.48 மி.மீ. முகப்பு முழுவதும் ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் அசைகிறது, சுற்றிலும் அசையாத பெரிய சுவர் இருக்கிறது, அலை இடைவிடாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, முகப்பைச் சிறு சதுரங்களாக வெட்டுங்கள். பக்கம் அலைநீளத்தில் பத்தில் ஒன்று, அதாவது 0.148 மி.மீ. மையம் வட்டத்துக்குள் விழும் சதுரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் சுமார் 14 ஆயிரம் வரும். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை.

இனிதான் முக்கியமான வேலை. அழுத்தம் வேண்டிய புள்ளியிலிருந்து ஒவ்வொரு சதுரத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடியுங்கள். தூரத்தை அலைநீளத்தால் வகுத்து 360 பாகையால் பெருக்கினால் அந்தச் சதுரத்திலிருந்து வரும் சிற்றலை எந்தக் கட்டத்தில் (phase) வந்து சேர்கிறது என்று தெரியும். அந்தக் கோணத்தின் கொசைனைத் தூரத்தால் வகுத்து ஒரு கணக்கிலும், சைனைத் தூரத்தால் வகுத்து இன்னொரு கணக்கிலும் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் இரண்டு கூட்டுத்தொகைகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஒரு சதுரத்தின் பரப்பால் பெருக்கி, அலைநீளத்தால் வகுங்கள். கிடைப்பது அழுத்த வீச்சு. அடர்த்தி, ஒலிவேகம், முகப்பின் வேகம் மூன்றின் பெருக்கத்தை 1 என்று கொண்ட அளவு அது. சிக்கலெண் தெரியாதவர்களும் இப்படிச் செய்யலாம்.

உடனே வண்ணப்படம் வரையத் தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். அழகான படம் தவறான நிரலிலிருந்தும் வரும். அச்சின் மீது (முகப்பின் மையத்திலிருந்து நேர் முன்னே செல்லும் கோட்டில்) மட்டும் 5 முதல் 200 மி.மீ. வரை கணக்கிட்டு, சரியான விடையோடு ஒப்பிடுங்கள். விடை நமக்குத் தெரியும்: விளிம்பிலிருந்து புள்ளிக்கு உள்ள தூரத்திலிருந்து மையத்திலிருந்து உள்ள தூரத்தைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் அரை அலைநீளமானால் அழுத்தம் உச்சம், சரியாக 2. ஒரு முழு அலைநீளமானால் பூச்சியம். நம் எண்களுக்குக் கடைசி உச்சம் 67.2 மி.மீ.-இல் வரும். அதற்கு முன்னால் 33.0, 15.4, 9.0, 5.5 மி.மீ.-களில் அழுத்தம் பூச்சியத்துக்கு வெகு அருகில் விழும். 200 மி.மீ.-இல் 1.01 கிடைக்க வேண்டும்.

உச்சம் 2-க்குப் பதில் 1 வந்தால், அரைக்கோளத்துக்குப் பதில் முழுக்கோளத்துக்கான வாய்பாட்டைப் போட்டிருக்கிறீர்கள். கடைசி உச்சம் 270 மி.மீ. அருகே ஓடிப்போயிருந்தால், ஆரத்துக்குப் பதில் விட்டம் புகுந்துவிட்டது.

அண்மைப்புலத்தின் (கடைசி உச்சத்துக்கு முன்னுள்ள பகுதியின்) இந்த மேடுபள்ளங்களைச் சிலர் நிரலின் கோளாறு என்று நினைத்து மழுப்பிவிடுகிறார்கள். அது தவறு. முகப்பிலிருந்து நேரே வரும் அலையும் விளிம்பிலிருந்து வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் உண்டாக்குவதே இந்த வடிவம்.

சரி, அச்சில் பொருந்திவிட்டதா? இப்போது அதே நிரலைப் பக்கவாட்டுப் புள்ளிகளுக்கும் ஓட்டுங்கள், ஒரு வரியும் மாற்ற வேண்டாம். தொலைவில் கற்றை விரியும்போது, அச்சிலிருந்து சுமார் 5.2 பாகையில் முதல் பூச்சியம் தெரியும்.

நிஜ டிரான்ஸ்டியூசரில் அளந்தால் பள்ளங்கள் இவ்வளவு ஆழமாக இருக்காது. அங்கே முகப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசைவதில்லை. குறுகிய துடிப்பில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால், ஒன்றின் பள்ளத்தை இன்னொன்று நிரப்பிவிடும். துடிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இதே கணக்கைச் செய்து, இரண்டு கூட்டுத்தொகைகளையும் தனித்தனியே வைத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும்.